ஏழு பேர் பட்டறைக்கு ஒரு அப்ரண்டிஸ்

கோவை பீளமேட்டில் லேத்தில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறை எங்களுடையது; மொத்தம் 7 பேர். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை நம் விருப்பம். நாட்ஸ் என்கிற மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் டிப்ளமோ முடித்த பையன் ஒருவனை எடுத்தேன். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி அரசுடையது. சரி, செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கே! முதல் 2 மாதம், விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதே என் பிழைப்பாகிவிட்டது. 32.00 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 31.92, 9 துண்டு பழைய இரும்புக்குப் போனது. அப்புறம் என் டைரியில் கிறுக்கி வைத்திருந்த ஜாப் கணக்கு முழுவதையும் எக்செலில் ஏற்றியவனும் அவன்தான். சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருந்தால் எடுங்கள். அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் லேத் ஆப்பரேட்டரையே தேடுங்கள். எனக்கு அடுத்த பையன் ஜூலையில் வருகிறான்.