உழவு இயந்திரக் கொளுவிப் பின் (pin) வாங்கப் போகிறவர்கள் கவனம்: என்னுடைய 114,600 ரூபாய் போய்விட்டது

பெரும்போகம் தொடங்குகிற நேரம். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எல்லாரும் மெசினை வயலில் இறக்கத் தொடங்கிவிட்டீர்கள். அதனால் ஆத்திரம் ஆறும்வரை காத்திருக்காமல் இதை எழுதுகிறேன். போன சனிக்கிழமை நான் வாங்கிய கொளுவிப் பின் புதன்கிழமை வயலுக்குள் கழன்றது. இன்று வரைக்கும் எனக்கு ஒரு சதம் திரும்பி வரவில்லை.

என்னிடம் இருப்பது பழைய மெஸி 240 உழவு இயந்திரம். சொந்தக் காணி மூன்று ஏக்கர்தான். மிச்ச நாளெல்லாம் மற்றவர்களுடைய வயலை ரொட்டவேற்றரால் (சுழல் கலப்பை) அடித்துக் கொடுத்துத்தான் வீட்டுச் செலவு. போகம் தொடங்கமுதல் கலப்பையை மெசினோடு பூட்டுகிற கொளுவியில் உள்ள பின் எல்லாவற்றையும் மாற்றுவது என் பழக்கம். பின் தேய்ந்தால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், அப்புறம் கலப்பை ஆடத் தொடங்கும், ஆடினால் பின் நிற்காது. ஆகவே திருகோணமலை நகரத்தில் இருக்கிற ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். புதிய கடையும் இல்லை. அப்பா காலத்திலேயே அங்கேதான் எண்ணெய் வடிகட்டியும் கிறீஸும் வாங்கினோம்.

கொளுவியின் கீழ்க்கைகளுக்கு இரண்டு பின், மேல் கைக்கு ஒரு பின், றெயிலர்ப் பெட்டி இழுக்கிற பெரிய பின் ஒன்று, இவை கழராமல் நுனியில் போடுகிற, வளையம் போட்ட லொக் பின் ஆறு. விலை 14,600 ரூபாய். நான் யோசித்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு உதிரிப்பாகம் எதுவும் பழைய விலைக்கு இல்லை, அது தெரியும். ஆனாலும் 14,600 என்றால் ஒறிஜினலாக இருக்கவேண்டும் அல்லவா? அதைத்தான் கேட்டேன்.

கடையில் நின்றவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பின்னை எடுத்துச் சீமெந்துத் தரையில் போட்டார். கணீர் என்று சத்தம் வந்தது. "சத்தத்தைக் கேளுங்கோ அண்ணன். இது ஒறிஜினல். வளைஞ்சா கொண்டு வாங்கோ, காசைக் கையில தாறன்" என்றார். நான் இன்னும் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "நானும் தம்பலகாமம்தான் அண்ணன், ஊர்க்காரருக்குப் பொய் சொல்லுவனே?" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கோணேசர் கோயில் வீதியில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு அளவுகூடப் பார்க்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பில்லில் "பின் செற் 1" என்று மட்டும் எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

புதன்கிழமை பின்னேரம். போன போகத்து வைக்கோல் அடிக்கட்டை நிறைய நின்ற வயல். மூலையில் திருப்பி ரொட்டவேற்றரை இறக்கினேன், பத்து யார் தூரம் போயிருக்கமாட்டேன், வலது பக்கம் "டமார்" என்றது. லொக் பின்னின் வளையத்தை அடிக்கட்டை தட்டி நிமிர்த்திவிட்டது. வளையம் நிமிர்ந்தால் லொக் பின் துள்ளி விழும், லொக் பின் இல்லையென்றால் கீழ்க்கை பின்னிலிருந்து வழுக்கி வெளியே வரும். அதேதான் நடந்தது. ரொட்டவேற்றர் ஒரு பக்கம் சரிந்து சுழன்று மெசினின் பின்பக்கச் சில்லில் ஏறியது. ரொட்டவேற்றரைச் சுழற்றுகிற பீ.ரி.ஓ. தண்டு கோணலாகி அதன் குறுக்கு மூட்டு உடைந்தது. கத்தி ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. கிளச்சை மிதித்து நிப்பாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வழமையாக என் மருமகப் பொடியன் வலது பக்கம் பின்னால் நடந்து வருவான். அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்க வரம்பில் ஏறியிருந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் கடைக்காரருக்கும் இது விளங்கவேண்டும்.

தண்டுக்கு 38,500. கந்தளாயில் பாவித்த ரயர் ஒன்று 55,000. வெல்டிங் 6,500. பின் வாங்கிய 14,600. எல்லாம் சேர்த்து 114,600 ரூபாய். அடிக்காமல் விட்ட ஏக்கர்க் கூலியை இதில் சேர்க்கவில்லை.

வெல்டிங் கடைக்காரர் அளவு கருவியை வைத்துப் பார்த்தார். என் கொளுவி முதலாம் வகை. அதற்குக் கீழ்ப்பின் 22 மில்லிமீற்றர், மேல்பின் 19 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். நான் வாங்கிய கீழ்ப்பின் 20 மில்லிமீற்றர்தான். மேலே மஞ்சள் பூச்சு, உள்ளே பதம் ஏற்றாத மெத்தென்ற இரும்பு. என் பழைய பின்னில் அரம் வழுக்கிக்கொண்டு போனது, புதியதில் சவர்க்காரத்தைச் சுரண்டுவது போலக் கடித்தது. லொக் பின்னின் வளையத்தை ஒரு விரலால் நிமிர்த்திக் காட்டினார். நல்ல வளையம் என்றால் விரல் நோகும், "டக்" என்று திரும்பி மூடும். இது எந்த இடத்தில் விட்டோமோ அந்த இடத்திலேயே நின்றது. வில்லே இல்லை.

வியாழக்கிழமை காலையிலேயே பின்னையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த ஆள் என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார். "முதலாளி கொழும்புக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ." அடுத்த நாள் போன் எடுத்தேன். "படம் எடுத்து அனுப்புங்கோ." அனுப்பினேன், பார்த்தார்கள், பதில் இல்லை. திரும்பவும் நேரில் போனேன். இந்த முறை முதலாளி இருந்தார். "சேத்துக்க போட்டா எந்தப் பின்னும் கழரும். நீங்க சரியாப் பூட்டியிருக்கமாட்டீங்க" என்றார். இருபத்தெட்டு வருடமாக மெசின் ஓட்டுகிறவனிடம்! பில்லைக் காட்டினேன். "இதில ஒறிஜினல் எண்டு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஊர்க்காரர் தலை நிமிரவில்லை. கடைசியில் முதலாளி அதே மஞ்சள் பின் இரண்டை எடுத்து மேசையில் வைத்து, "சும்மா கொண்டு போங்கோ" என்றார். 114,600 ரூபாய்க்கு இரண்டு மஞ்சள் பின்! நான் தொடவில்லை.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், நாளைக்கு விடியமுதல் வயலுக்கு இறங்கவேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பின்னைக் கையோடு கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். தரையில் போட்டுக் காட்டுகிற சத்தத்தை நம்பாதீர்கள். வளையத்தை ஐந்தாறு தரம் நிமிர்த்திப் பாருங்கள், சோர்ந்தால் வேண்டாம். அடிக்கட்டை நிற்கிற வயல் என்றால் பழைய ரியூப்பில் ஒரு பட்டி வெட்டி வளையத்தைச் சுற்றி இறுக்குங்கள். பெட்டிப் பின்னை எப்போதும் மேலிருந்து கீழே போடுங்கள், அடியில் கிளிப் இல்லாமல் றோட்டில் ஏறாதீர்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கி, இயந்திரத்தை நிப்பாட்டிவிட்டு, கையால் தொட்டுப் பாருங்கள். ஓடுகிற ரொட்டவேற்றருக்குப் பின்னால் ஒருவரையும் நடக்க விடாதீர்கள். பில்லில் பொருளின் பெயர், அளவு, ஒறிஜினல் என்பதை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். கழன்ற பின், அளந்த படம், பில் எல்லாம் என்னிடம் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் நகரத்தில் இதே மஞ்சள் பின் வாங்கிய வேறு யாராவது இருந்தால் உடனே கழற்றி அளந்து பாருங்கள். 20தான் இருக்கிறது என்றால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.