அதியமான் ஊரில் ஆதார் இல்லாதவன்

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். இரவு எட்டரை மணி. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சின்னவன் பெட்டியின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டான். என் செல்போனில் இரண்டு இரவுக்கான முன்பதிவு பச்சை எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பணமும் கட்டியாகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி, "ஆதார் குடுங்க சார்" என்றான். அம்மாவுடையதையும் மனைவியுடையதையும் கொடுத்தேன். "உங்களுது?" என்றான். நீல பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். அதைத் தொடக்கூட இல்லை.

"ஃபாரின் பாஸ்போர்ட்டுங்களா? ரூம் இல்லீங்க சார்."

"ஓசிஐ கார்டு இருக்குப்பா." வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை அது.

"ஓசியா?" என்று நிமிர்ந்து பார்த்தான் பாருங்கள், இருபது வருட அமெரிக்க உழைப்பும் அந்த ஒரு பார்வையில் கரைந்துவிட்டது. பணம் கட்டி வந்தவன் ஓசியில் படுக்க வந்தவனாகிவிட்டேன். கார்டைத் திறந்து, பிறந்த இடம் என்ற வரியில் 'தர்மபுரி' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினேன். படித்தான், தலையாட்டினான். "நம்மூர்தான் சார். ஆனா ரூம் குடுக்க முடியாது."

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது இப்போது புரிகிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்று எல்லோரும் சொல்கிற தங்கல் விவரப் படிவத்தை விடுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு விடுதி முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் எட்டிப் பார்க்கிற ஊரில் யார் அதற்கு மெனக்கெடுவார்கள்? ஏற்றாமல் விட்டால் போலீஸ் விசாரணை வரும். அதைவிட 'ரூம் இல்லை' என்பது எளிது. சரி, அதை முன்பதிவு வாங்கும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன?

தம்பி நல்லவன், ஒரு வழியும் சொன்னான். "பாட்டிம்மா தங்கலாம் சார், மேடமும் தங்கலாம். நீங்களும் பசங்களும் மட்டும் வேற எங்கயாச்சும்…" அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெம்பில்லை. "ஏம்ப்பா, என் பையனுக்கு என்ன வியாதியா?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் வீடு இருந்தால் இந்தக் கதையே இல்லை. பாலக்கோட்டுப் பக்கத்து வீட்டை அப்பா போன பிறகு விற்றுவிட்டோம். அம்மா இப்போது என் தம்பியோடு சேலத்தில் இருக்கிறார். இந்தப் பயணத்துக்குக் காரணமே என் பெரியவள்தான். நாங்கள் இருக்கும் ரிச்மண்டிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் வில்லியம்ஸ்பர்க். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகர். அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்தில் 1926-இல் அதைப் பழையபடி ஆக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அங்கே கொல்லன் பட்டறை ஊதுகிறான், தையல்காரி சட்டை தைக்கிறாள், முக்கோணத் தொப்பிக்காரர் குதிரை வண்டி ஓட்டுகிறார். எல்லோரும் சம்பளத்துக்கு வேஷம் கட்டியவர்கள். 1781-இல் எரிந்துபோன ஆளுநர் மாளிகையைக்கூட திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கத் துப்பாக்கிகளையும் வாள்களையும் கோலம் போட்டதுபோல மாட்டி வைத்திருக்கிறார்கள். போன வருடம் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?" என்றாள். இதைவிட நூற்றுக்கணக்கான வருடங்கள் பழசு இருக்கிறது என்று வீராப்பாகச் சொல்லிவைத்தேன். அந்த வீராப்புதான் இரவு எட்டரைக்கு நடுரோட்டில் நின்றது.

இரண்டாவது லாட்ஜில் பாஸ்போர்ட் வரை போகவேயில்லை. மறுநாள் தேய்பிறை அஷ்டமி, காலபைரவர் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் எல்லா அறையும் நிரம்பியிருந்தது. அம்மா நாள் பார்த்து ஏற்பாடு செய்த பயணம், யாரைச் சொல்வது?

மூன்றாவது இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். விளக்குக்கூட ஒழுங்காக எரியவில்லை. மேசையில் ஒரு சின்னப் பெண், இருபத்தி இரண்டு வயது இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "சி ஃபார்ம் போடணும்ணா, மூணு பேருக்கும் போட அரை மணி ஆகும், பரவால்லீங்களா?" என்றாள். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஒகேனக்கல் பார்க்க எப்போதாவது வருகிற வெள்ளைக்காரர்களுக்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம்.

அப்புறம் கேள்விகள். இந்தியாவுக்குள் வந்த தேதி என்ன, எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள்? ("சேலம்." "சேலத்துல எங்க?" "தம்பி வீடு.") இந்தியாவில் வேலை பார்க்கிறாரா என்று ஒரு கட்டம். ஏழு வயது சின்னவனுக்கும் அதை நிரப்பியாக வேண்டும். அவள் சிரிக்காமல் 'இல்லை' என்று போட்டாள். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'உறவினரைப் பார்க்க' என்று தேர்ந்தெடுத்தாள். எல்லாம் முடிந்தபின், மேசைக்கு அடியிலிருந்து நீளமான, ஓரம் மடங்கிய பழைய லெட்ஜரையும் எடுத்து நீட்டினாள். "இதுலயும் ஒரு கையெழுத்துண்ணா, ஓனருக்கு இது இருந்தாத்தான் திருப்தி." பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து, எதற்காக. முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன்: சொந்த வேலை.

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் சாவி கையில். ஆனால் யாரும் தகப்பனார் பெயரைக் கேட்கமாட்டார்கள். வெந்நீர் காலை ஐந்து முதல் ஏழு வரைதான் என்று அறையில் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது?

மறுநாள் அதியமான்கோட்டை. சேலம் ரோட்டில்தான் இருக்கிறது, முந்தைய நாள் அதைத் தாண்டித்தான் வந்தோம். கோயிலில் நிற்க இடமில்லை. சாம்பல் பூசணிக்காயை இரண்டாக வெட்டி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றியபடி வரிசையாகப் பெண்கள். புகை கண்ணைக் கரித்தது. பெரியவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவங்க எல்லாருக்கும் எத்தனை மணிக்கு ஷிஃப்ட் முடியும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா பிறந்த ஊர் இது. பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவராம்.

அதற்குப் பிறகு பெரியவளுக்குக் கதை சொல்வது எளிதாக இருந்தது. ஔவை தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டினானாம். எல்லாம் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருந்ததாம். எங்கள் அதியமானின் வேல்களோ குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புறநானூற்றில் பாடுகிறார். "அந்த மாளிகைச் சுவர் மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான். போதாதென்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸையும் இழுத்தேன். வில்லியம்ஸ்பர்க்குக்குப் பக்கத்து யார்க்டவுனில் 1781-இல் தோற்றுச் சரணடைந்த அதே ஆள்தான் இங்கே வந்து திப்புவோடு போர் நடத்தினான். 1792-இல் இந்த பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது அவன் கணக்கில்தான். அவள் அதற்கு அவ்வளவாக மயங்கவில்லை. தர்மபுரி கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாத தூணுக்கு அடியில் செய்தித்தாளை நுழைத்து இழுத்ததுதான் பிள்ளைகள் இருவருக்கும் பயணத்திலேயே பெரிய விஷயம். நடுகல் அகழ்வைப்பகத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க விடவில்லை. மதியம் களியும் கீரைக் கடையலும். பெரியவள் களியை மென்றாள். மெல்லக்கூடாது, விழுங்கணும் என்று அம்மா பாடம் நடத்தினார்.

இனி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செயலியில் பணம் கட்டுவதற்கு முன் லாட்ஜுக்கே போன் போட்டு 'சி ஃபார்ம் போடுவீங்களா' என்று கேளுங்கள். 'அது என்னது' என்று பதில் வந்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள். பாஸ்போர்ட், ஓசிஐ நகல்கள் ஆளுக்கு இரண்டு கையில் இருக்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை தேடி நான் ஓடிய ஓட்டத்தை நீங்களும் ஓட வேண்டாம்.

முதல் லாட்ஜுக்குக் கட்டிய பணம் ஏழு வேலை நாட்களுக்குள் திரும்ப வரும் என்று செயலியில் சொல்லியிருந்தார்கள். இன்று பதினொன்றாவது வேலை நாள். விசாரித்ததற்கு, வாடிக்கையாளர் அறை எடுத்துத் தங்கிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்கிறார்கள்.