வீடு தேடி வரும் நோய்க் கண்காணிப்பு: திருகோணமலையில் கிடைக்கும் ஒரு சேவையின் மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில் ஒருவர் டெங்கு சந்தேகத்துடன் அரசாங்க மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அவரோ வீட்டாரோ கேட்காமலேயே, கட்டணம் எதுவுமின்றி, ஒரு சேவை தொடங்கிவிடுகிறது. விடுதி மருத்துவர் நிரப்பும் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவம் நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்கிறது. அங்கே பதிவேட்டில் ஏறியதும், பி.எச்.ஐ. என்று நாம் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடி வருகிறார். கடந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் பரவியபோது இச்சேவையை அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தது. புகை அடித்தார்களா, இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கொண்டு இதனை எடைபோடும் வழக்கம் இங்கு வேரூன்றிவிட்டதால், அதற்கு அப்பால் நடப்பவற்றையும் எழுத வேண்டும் என்று எண்ணினேன்.

வந்த பரிசோதகர் முதலில் கேட்டது காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதையே. நுளம்பு கடித்து ஏறத்தாழ 4 முதல் 10 நாட்களுக்குள் டெங்கு வெளிப்படுவதால், அந்த இடைவெளியில் நோயாளி எந்தப் பாடசாலையில், எந்த வேலைத்தளத்தில், யார் வீட்டில் பகலைக் கழித்தார் என்று பொறுமையாக விசாரித்தார். பின்னர் வளவைச் சுற்றி வந்து பீலி, தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கவிழ்க்காமல் கிடந்த சிரட்டைகள் என ஒவ்வொன்றாகப் பார்த்தார். அயல் வீடொன்றின் சீமெந்துத் தொட்டியில் குடம்பிகள் நெளிந்ததை வீட்டுக்காரருக்கே காட்டி, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுமாறு சொன்னார். நீரை மட்டும் ஊற்றிவிட்டால் சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும் என்ற விளக்கமும் கிடைத்தது. என் கணிப்பில் இச்சேவையின் உயிர்ப்பகுதி இந்த விசாரணைதான். புகை, பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். தொட்டியில் உள்ள குடம்பிகள் சில நாட்களிலேயே புதிய நுளம்புகளாகிவிடும்.

கிணறு விடயத்தில் நமது மாவட்டத்தின் அனுபவம் தனியானது. இலங்கை முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான 2017ஆம் ஆண்டில், மார்ச் மாதமளவில் நமது கிண்ணியா டெங்குவால் பட்ட துன்பத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. டெங்கு நுளம்பு கிணற்றிலும் பெருகுவதால், வீட்டுக்கு வீடு கிணறுள்ள கரையோரத்தில் குப்பையை அகற்றுவது மட்டும் போதாது. கிணற்றில் குடம்பி உண்ணும் மீன்களை விடுவதும், வாயை வலையால் மூடுவதும் மலிவான, நிலைத்துப் பயன் தரும் வழிகள். அண்மைக் காலத்தில் மன்னாரில் கண்டறியப்பட்ட, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பும் கிணற்றிலும் தாங்கியிலும் பெருகக்கூடியது என்பதால், கிணறுகளைப் பார்க்கும் பணிக்கு இச்சேவை கூடுதல் ஆட்களை ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

குறை எங்கே என்றால், முதல் அறிவித்தலில். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த இம்முறையில், அறிவிப்பதற்குச் சந்தேகமே போதும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல்காரர்களில் பலர் முதலில் போவது மாலையில் திறக்கும் தனியார் சிகிச்சை நிலையத்துக்கு. அங்கே நோயாளர் வரிசையைப் பார்த்து முடிப்பதற்கே நேரம் போதாத நிலையில், படிவம் நிரப்பப்படாமலே போய்விடுகிறது. இரண்டு மூன்று நாட்களின் பின் நிலைமை மோசமாகி அரசாங்க விடுதிக்கு வரும்போதுதான் அறிவித்தல் புறப்படுகிறது. அதற்குள் வீட்டிலுள்ள நுளம்புகள் அவரிடமிருந்து கிருமியைப் பெற்றுவிடக்கூடும். பரிசோதகர் எவ்வளவு விரைந்து நடந்தாலும் இழந்த அந்த நாட்களை அவரால் மீட்க முடியாது. தனியார் மருத்துவர்கள் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிப் பதிவு செய்யக்கூடிய ஏற்பாட்டைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை செய்து தருமானால், இச்சேவையின் பயன் பன்மடங்காகும்.

தகவல் வெளியீட்டைப் பொறுத்தவரை, 1959இல் தொடங்கப்பட்ட, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுவது பாராட்டுக்குரியது. எனினும் அதில் திருகோணமலை முழுவதும் ஒரே வரியாக வருவதால், மூதூரில் கூடுகிறதா, கந்தளாயில் கூடுகிறதா என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. பிரிவு வாரியான எண்களைப் பணிமனைகளின் அறிவித்தல் பலகையிலாவது ஒட்டலாம்.

டெங்கு தவிர்ந்த நோய்களிலும் இச்சேவை கைகொடுக்கிறது. தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையான டொக்சிசைக்கிளினைத் தம் பிரிவுப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருக்குப் பின் இல்லாதிருந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆகவே நோய் வெளியிலிருந்து மீண்டும் நுழையாதிருக்க, மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்பியோருக்குக் காய்ச்சல் கண்டால், பயணத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இச்சேவையைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று முகவரி. விடுதியில் கேட்கும்போது அடையாள அட்டையில் உள்ளதைச் சொல்லிவிடுவது பலரது வழக்கம். மேற்குக் கரையிலிருந்து பருவகாலத்துக்கு வந்து குச்சவெளிப் பக்கம் வாடி அமைத்துத் தங்கும் கடற்றொழிலாளர் ஒருவர் அவ்வாறு சொன்னால், படிவம் அவரது சொந்த ஊருக்குப் போக, நோய் தொற்றிய வாடியைத் தேடி எவரும் வரமாட்டார்கள். காய்ச்சலுக்கு முந்திய இரண்டு கிழமையும் இரவு எங்கே தங்கினார், பகலில் எங்கே இருந்தார் என்பதை நோயாளி கேட்காமலே சொல்லிவிட வேண்டும். விடுதியில் படிவம் நிரப்புவோரும் அதைக் கேட்டு, அடையாள அட்டை முகவரியோடு சேர்த்து எழுத வேண்டும்.