பச்சை விளக்கை நம்பிய காலம்: ஜென்கின்ஸ், ப்ரோமீதியஸ், கிராஃபனாவுடன் நான்கு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் பில்ட் (எழுதிய நிரலைத் தொகுத்துச் சோதிப்பது) கண்காணிப்பு என்றால் சுவரில் மாட்டியிருந்த டிவிதான். பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருளின் வேலைப் பட்டியல் அதில் நாள் முழுக்க ஓடும். சிவப்பு தெரிந்தால் யாராவது எழுந்து போய்ப் பார்ப்போம். பச்சையாக இருந்தால் அவரவர் வேலையைப் பார்ப்போம். (அப்போது வைத்திருந்தது பழைய பதிப்பு. ஜென்கின்ஸை உருவாக்கிய கோசுகே கவாகுச்சி ஜப்பானியர். அங்கே சிக்னலில் எரியும் பச்சையை நீலம் என்றுதான் சொல்வார்களாம், அதனால் பில்ட் தேறினால் நீல உருண்டை வரும். அதைப் பச்சையாக்கவே தனியாக ஒரு பிளக்இன் போட்டிருந்தோம்.)

அந்தப் பச்சை மேல் இருந்த நம்பிக்கை ஒரு திங்கட்கிழமை காலையில் போனது. டெஸ்டிங் குழுவில் இருந்த அக்கா போன் செய்தார். "தம்பி, ஸ்டேஜிங்ல இப்ப என்ன வெர்ஷன் இருக்கு? மூணு வாரம் முன்னாடி நீங்க சரி பண்ணிட்டதா சொன்ன பக் இன்னும் அப்படியே இருக்கே." டிவியைப் பார்த்தேன். ஸ்டேஜிங் (வாடிக்கையாளருக்குப் போகும் முன் சோதிக்கும் சர்வர்) டிப்ளாய்மென்ட், அதாவது புதிய நிரலை அங்கே ஏற்றும் வேலை, பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே போய்த் தேதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கடைசியாக ஓடி 19 நாள் ஆகியிருந்தது. டேட்டாபேஸ் மாற்றம் நடந்த வாரத்தில், இரவு தானாக ஓட வேண்டாம் என்று ஒருவர் பைப்லைன் கோப்பில் (வேலையின் படிகளை எழுதிவைக்கும் கோப்பு) இருந்த க்ரான் பகுதியை, அதாவது ஓட வேண்டிய நேரத்தைச் சொல்லும் பகுதியை, கமென்ட் செய்து செயலிழக்க வைத்திருக்கிறார். அதோடு முதன்மை நிரலில் மெர்ஜும் ஆகிவிட்டது. திரும்ப எடுக்க யாருக்கும் நினைவில்லை. ஓடாத வேலை எப்படித் தோற்கும்? கடைசி முடிவு வெற்றி என்பதால் 19 நாளும் பச்சையாகவே நின்றிருக்கிறது.

அந்த வாரமே எண்களைச் சேகரிக்கும் ப்ரோமீதியஸையும் அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபனாவையும் நிறுவினோம். ஜென்கின்ஸில் ப்ரோமீதியஸ் பிளக்இன் போட்டால் ஒவ்வொரு வேலைக்கும் கடைசி பில்ட் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது, முடிவு என்ன என்று எண்களாகக் கொடுத்துவிடும். முடிவுக்கு 0 என்றால் வெற்றி, 2 என்றால் தோல்வி. நான் முதலில் எழுதிய அலர்ட், தோல்வியைப் பார்ப்பது அல்ல. கடைசி பில்ட் தொடங்கி 26 மணி நேரம் தாண்டினால் கூப்பிடு என்பது. இன்றுவரை அதை மாற்றவில்லை. இந்த நான்கு ஆண்டில் எங்களுக்கு அதிகம் கைகொடுத்ததும் அதுதான்.

தொடக்கத்தில் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் போடுபவர்களுக்கு உதவும். 15 விநாடிக்கு ஒருமுறை ஜென்கின்ஸிடம் போய்க் கேட்கும்படி ப்ரோமீதியஸை அமைத்தேன். அந்த பிளக்இன் தன் எண்களை 120 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், நாமாக மாற்றினால் ஒழிய. ஆக எட்டில் ஏழு முறை ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அப்புறம் ப்ரோமீதியஸ் தானாக 15 நாள் தரவைத்தான் வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு முன் பில்டுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மேலாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதை முதல் நாளே ஓராண்டுக்கு நீட்டி வையுங்கள். இன்னொன்று, எங்களிடம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் (பதிவு செய்த பணிக்கும்) ஒரு ப்ராஞ்ச் (நிரலின் தனிக் கிளை), ஒவ்வொரு ப்ராஞ்சுக்கும் ஜென்கின்ஸில் ஒரு வேலை. ஒவ்வொரு வேலையும் தனித்தனி எண் தொடராகச் சேர்ந்து ப்ரோமீதியஸின் நினைவகம் வீங்கி, இரண்டு முறை விழுந்தது. இப்போது மெயின், ரிலீஸ் ப்ராஞ்சுகளைத் தவிர மற்றதை உள்ளே வரும்போதே கழித்துவிடுகிறோம்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டாம் ஆண்டில் டெவலப்பர்கள் எல்லோரும் பில்ட் மெதுவாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வரைபடமும் அதையே சொன்னது: 11 நிமிடத்தில் முடிந்தது மாலையில் 35, 40 நிமிடம் வரை போனது. டெஸ்ட்கள்தான் பெருத்துவிட்டன என்று முடிவு கட்டி, இரண்டு பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து டெஸ்ட்களைப் பிரித்து வேகப்படுத்தினார்கள். மிச்சமானது இரண்டு நிமிடம்தான். உண்மையான காரணம் வேறு. ஜென்கின்ஸில் பைப்லைன் வகை வேலைகள் அழுத்தியதும் தொடங்கிவிடும். ஏஜென்ட் (வேலையை ஓட்டும் கணினி) கிடைக்கும்வரை உள்ளேயே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பும் பில்ட் நேரத்தில் சேர்ந்துவிடும். லாகைத் திறந்து பார்த்தால் முதல் சில வரிகளிலேயே 'அடுத்த எக்ஸிகியூட்டருக்காகக் காத்திருக்கிறது' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். (எக்ஸிகியூட்டர் என்றால் ஏஜென்ட்டில் ஒரு வேலை ஓடும் இடம்.) நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டி, கீழே சிவப்பு எழுத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

க்யூவில் எத்தனை வேலைகள் நிற்கின்றன, எத்தனை எக்ஸிகியூட்டர் வேலையில் இருக்கிறது என்ற இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. மாலை 4 முதல் 6 வரை எல்லா ஏஜென்ட்டும் நிரம்பியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் மெர்ஜ் செய்கிற நேரம் அது. அதே நேரத்தில்தான் நீண்ட ரிக்ரஷன் டெஸ்டும் (பழைய வசதிகள் உடையவில்லையா என்று பார்ப்பது) ஓடிக்கொண்டிருந்தது. அதை இரவு 11 மணிக்குத் தள்ளினோம். ஒரு ரூபாய் செலவில்லாமல் மாலை பில்ட் 14 நிமிடத்துக்கு இறங்கியது. பில்ட் நேரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் தயவுசெய்து காத்திருக்கும் நேரத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

அலர்ட் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. பங்குச் சந்தை திறந்த 45 நிமிடத்துக்குள் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய சிஸ்டம் 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் குழுவின் மெயில் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. ஜென்கின்ஸ் மெயில் எல்லாம் ஒரு ஃபோல்டருக்குப் போய்ப் படிக்கப்படாமல் கிடக்கும். இப்போது சொந்த ப்ராஞ்சில் பில்ட் உடைந்தால் கமிட் செய்தவருக்கு (அந்த நிரல் மாற்றத்தைப் பதிந்தவருக்கு) மட்டும் செய்தி போகும். மெயின் உடைந்து 10 நிமிடத்தில் சரியாகாவிட்டால்தான் குழுவுக்கு. ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர்) டிப்ளாய்மென்ட் பாதியில் நின்றால் மட்டும் ஆன்-காலில் (அவசரத்துக்குப் பொறுப்பில்) இருப்பவரின் போன் அடிக்கும். ஒரே காரணத்தால் பத்து பில்ட் விழுந்தால், ப்ரோமீதியஸின் அலர்ட்களை அனுப்பும் அலர்ட்மேனேஜர் பத்தையும் கட்டி ஒரே செய்தியாக அனுப்பும்.

ஃப்ளேக்கி டெஸ்ட், அதாவது நிரல் மாறாமலே ஒருமுறை தேறி ஒருமுறை விழும் டெஸ்ட், எல்லா இடத்திலும் உண்டு. கூகுளிலேயே ஏறக்குறைய 16 சதவீத டெஸ்ட்கள் ஏதோ ஓர் அளவுக்கு அப்படி நடந்துகொள்வதாக 2016-ல் எழுதியிருந்தார்கள். ஒரே கமிட் முதலில் விழுந்து, மறுபடி ஓட்டினால் தேறிவிட்டால் அதை எண்ணி புஷ்கேட்வே (நாமாக அனுப்பும் எண்களை ப்ரோமீதியஸுக்காக வைத்திருக்கும் கருவி) வழியாக அனுப்பினோம். அங்கேயும் அதே பழைய கதை. புஷ்கேட்வேயில் போட்ட எண்ணை நாமாக நீக்கும்வரை அது அப்படியே இருக்கும். எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு சர்வீஸ் 'சிக்கல் இல்லை' என்றே மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக எண் வந்த நேரத்தையும் அது தருகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

கிராஃபனாவில் எல்லோரும் விரும்புவது ஒரு சின்ன வசதி. டிப்ளாய்மென்ட் முடிந்ததும் பைப்லைனே கிராஃபனாவுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். எல்லா வரைபடத்திலும் அந்த நேரத்தில் செங்குத்தாக ஒரு கோடு விழும். பிழை எண்ணிக்கை ஏறுகிறதா, கோட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். முன்பு 'யார் கடைசியாக என்ன போட்டது' என்று சாட்டில் கேட்டு, பதில் வர அரை மணி நேரம் ஆகும். இப்போது கோட்டின் மேல் மவுஸை வைத்தால் கமிட் எண் வரும், ரோல்பேக்கைத் (பழைய பதிப்புக்குத் திரும்புவதை) தொடங்கலாம்.

டிப்ளாய்மென்ட் எண்ணிக்கையை வைத்துக் குழுக்களை வரிசைப்படுத்தலாமா என்று நடுவில் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று எதிர்த்தேன். ஒரு வேலையை நான்காக உடைத்துப் போட்டு எண்ணிக்கையை ஏற்றுவது யாருக்கும் கடினமில்லை. எண்ணைக் குழுவே தனக்காகப் பார்த்துக்கொண்டால்தான் அது உண்மையாக இருக்கும். நல்லவேளை, கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியாகச் சேர்த்தது கண்காணிப்பையே கண்காணிக்க ஓர் ஏற்பாடு. எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை ப்ரோமீதியஸில் எழுதி வைத்திருக்கிறோம். அது வெளியே வேறொரு இடத்தில் இருக்கும் சின்ன சர்வருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகும். அது வருவது நின்றால் அந்த சர்வர் போன் செய்யும். போன தீபாவளிக்கு முந்தைய இரவு 2 மணிக்கு எனக்கு அந்த போன் வந்தது. ப்ரோமீதியஸ் இருந்த சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய தரவைக் கழித்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கும்போது மணி மூன்றே கால். பண்டிகை நாலு நாளும் பில்ட் எதையும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.