கண்டியில் டிக்கட் எடுக்காமல் பார்த்தவை

டொரொன்டோவில் இருந்து குடும்பமாகக் கண்டிக்குப் போனால் கையில் காசு நிற்காது என்று எங்களைப் பயமுறுத்தியவர்கள் பாதி சரியாகத்தான் சொன்னார்கள். நுழைவுச்சீட்டு உள்ள இடங்களில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு வேறு விலை. இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் உள்ள இடங்களும் உண்டு. பேராதனைப் பூங்கா, உடவத்தகலே காடு, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை என்று நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் மாலைக்குள் பெரிய நோட்டுகளாகப் போய்விடும். மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவற்றில் நிறையவற்றுக்குக் கண்டியில் சீட்டே கிடையாது.

2024 ஆகஸ்டில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் போனோம். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் சித்தி வீட்டில் தங்கியதால் வாடகைச் செலவு இல்லை. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது என்பதால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடையாள அட்டை விஷயம். நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள், இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறேன், பழைய அட்டை கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் எடுக்கவில்லை. பிள்ளைகள் கனடாவில் பிறந்தவர்கள். ஒரு சீட்டு ஜன்னலில் இருந்தவர் என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்கு லோக்கல். சேருக்கும் பிள்ளைகளுக்கும் ஃபொரின்" என்று நல்ல தமிழிலேயே சொன்னார். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. "அப்ப நான் ஃபொரினோ?" என்று சிரித்துக்கொண்டே காசைக் கட்டினார். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அசல் அட்டையைக் கொண்டுபோங்கள், போனில் இருக்கும் படத்தை நம்பவேண்டாம். அட்டை இல்லை என்றால் பிறந்த ஊர்க் கதை சொல்லி விலை குறைப்பது நடக்காத காரியம். ஜன்னலில் இருப்பவர் தினம் நூறு பேரிடம் அந்தக் கதையைக் கேட்கிறவர்.

சீட்டு இல்லாத இடங்களில் முதலாவது வாவி. சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெயில் ஏறும் முன் புறப்பட்டால் பிள்ளைகளும் முணுமுணுக்காமல் நடப்பார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டத் தொடங்கிய குளம் இது. கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832இல் அங்கேயே இறந்தான். கரையில் மேகம் மாதிரி வளைந்து வளைந்து போகும் அந்த வெள்ளை மதில் முற்றுப்பெறாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். மதிலில் உள்ள முக்கோணத் துளைகள் விழா இரவுகளில் விளக்கு வைப்பதற்காக. என் மகன் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தான். மழையே இல்லாமல் சிலர் குடையை விரித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். தண்ணீர்ப்பக்கம் சாய்ந்த மரங்களில் நீர்க்காகங்கள் கூட்டமாக அடைகின்றன, அடியில் நடைபாதை முழுக்க வெள்ளை. நீங்களும் குடையை விரியுங்கள். தண்ணீர் ஓரம் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது.

வாவிக்கரையில் ஒரு தொல்லை உண்டு. நன்றாக உடுத்திய ஒருவர் கூடவே நடந்து வந்து, எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, "இன்றைக்கு மட்டும் விசேஷ நடனம், டிக்கட் முடியப்போகுது" என்பார். அந்த விசேஷம் தினமும் நடக்கிறது. தமிழில் "வேணாம் அண்ணே" என்றதும் எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பத்தைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

மாளிகைக்குள் போகச் சீட்டு வேண்டும், இலங்கையருக்கு வேண்டாம். உள்ளே போகாவிட்டாலும் பக்கத்தில் நாத தேவாலயம், பத்தினி தேவாலயம் என்ற தெய்வக் கோயில்கள் இருக்கின்றன. பாதுகாப்புச் சோதனை தாண்டினால் போதும், கட்டணம் இல்லை. நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நகரத்தில் நிற்கும் கட்டடங்களில் அதுதான் பழையது. பத்தினி நம் கண்ணகிதான். மாலை ஆறரைப் பூசைக்கு மாளிகையில் மேளம் அடிக்கும்போது இந்த முற்றத்தில் நின்றாலே நன்றாகக் கேட்கும். முருகனுக்குரிய கதிர்காம தேவாலயம் கொஞ்சம் தள்ளி, கடைத்தெருவுக்குள் இருக்கிறது. அங்கே தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் யார் சைவம், யார் பௌத்தம் என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. நம் ஆட்களுக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது.

யாரும் அழைத்துப் போகாத இடம் ஒன்று: மாளிகைக்குப் பின்னால், அருங்காட்சியகத்துக்கு மேலே ஏறும் சின்னப் பாதையில் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். கட்டணம் இல்லை, விரும்பினால் நன்கொடை போடலாம். புல் வெட்டி, கல்லைத் துடைத்து நன்றாக வைத்திருக்கிறார்கள். 1815இல் கண்டி ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த ஜோன் டொயிலி இங்கேதான் கிடக்கிறார். 1856இல் காட்டு யானை மிதித்துக் கொன்ற ரொபர்ட்சன் என்பவரின் கல்லையும் மகள் தேடிப் பிடித்தாள். வயதுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், "எல்லாரும் அப்பாவை விடச் சின்னவங்க" என்றாள். காய்ச்சல், வாந்திபேதி. அதே காய்ச்சலும் வாந்திபேதியும்தான் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் ஆட்களையும் கொன்றது. கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்ட வந்தவர்கள். அவர்கள் விழுந்த பாதையில் கல் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு இதை அந்த இடத்தில் நின்று சொன்னது எனக்குத் திருப்தி. தேயிலையைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை மகியாவை மயானத்தில் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. பேராதனை வீதிப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் கல்லறையும் உண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து ஆப்பிரிக்க, இந்திய, இலங்கைச் சிப்பாய்களின் பெயர்கள் ஒரே அளவுக் கற்களில் வரிசையாக நிற்கின்றன.

நகரத்தை மேலிருந்து பார்க்க ஆர்தர்ஸ் சீட் போதும். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

சரி, தலதா மாளிகையின் திருவிழா ஊர்வலமான பெரஹராவுக்கு வருகிறேன். அதற்காகவே ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தோம். இணையத்தில் தேடினால் நாற்காலி விற்கிறவர்கள்தான் முதலில் வருவார்கள். தெருவில் போகிற ஊர்வலம் இது, நடைபாதையில் உட்கார்ந்து பார்க்க ஒரு சதம் கட்டவேண்டாம். முதல் ஐந்து இரவும் கும்பல் பெரஹரா (கும்பல் என்பது சிங்களப் பெயர், கூட்டம் என்ற பொருள் இல்லை), அடுத்த ஐந்து இரவும் ரந்தோலி பெரஹரா. ரந்தோலியில் யானைகளும் ஆட்டக்காரரும் இரவுக்கு இரவு கூடிக்கொண்டே போவார்கள், கூட்டமும் அப்படியே. கடைசி இரவுக்குக் காலையிலேயே பாயும் சோற்றுப் பார்சலுமாக ஆட்கள் இடம் பிடித்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கும்பல் பெரஹரா நாட்களில் போங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்க்கூட எங்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் குருணாகலையில் இருந்து வந்திருந்த ஒரு சிங்களக் குடும்பம், தங்கள் பொலித்தீன் விரிப்பில் பாதியை எங்களுக்குத் தள்ளிவிட்டு அவித்த கடலையையும் நீட்டியது.

வெடிச்சத்தம் கேட்டதும் சாட்டை அடிப்பவர்கள் வருவார்கள். பிறகு தீப்பந்தம் சுழற்றுபவர்கள், கொடிக்காரர்கள், மேளம். கொப்பறா எரியும் தீச்சட்டிகளின் சூடு முகத்தில் அடிக்கும், எண்ணெய் வாடை இரண்டு நாளைக்குச் சட்டையில் இருக்கும். மாளிகையின் கொம்பன் யானை வரும்போது அது கால் வைக்க முன்னால் வெள்ளைத் துணியை விரித்து, பின்னால் சுருட்டிக்கொண்டே போகிறார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து கைகூப்பி நிற்கும். புனிதப் பேழையைச் சுமந்து பெயர் பெற்ற நடுங்கமுவே ராஜா என்ற யானை 2022இல் இறந்துவிட்டது, அதைப் பற்றிப் பக்கத்துக் குடும்பத்துப் பாட்டி இன்னும் குறைபட்டுக்கொண்டிருந்தார். மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் வரிசையாக. கதிர்காம தேவாலயத்துப் பகுதியில் மயிலிறகுக் காவடி ஆடிக்கொண்டு வந்ததைப் பார்த்து மகள், "அம்மா, இது நம்ம ஸ்காபரோ கோயில்ல ஆடுறதுதானே!" என்று எழுந்துவிட்டாள்.

மறுபடி ஒரு ரந்தோலி இரவில், வீட்டுக்காரரின் முழங்காலை நினைத்து நாற்காலிக்குக் காசு கட்டினோம். பேசிய விலை ஒன்று. உட்கார்ந்து, தெருவை மூடிய பிறகு அதே ஆள் வந்து, "முன்வரிசைக்கு இன்னும் ஆயிரம் ஆயிரம்" என்றார். எழுந்து போக வழியில்லை என்று அவருக்குத் தெரியும். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. தரையில் இருந்து பார்த்ததே நன்றாக இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான்.

இனிச் சேவைகள். பஸ்ஸுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் எந்தப் பக்கத்துக்கும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். குறைந்த கட்டணம் அப்போது 28 ரூபாய். முப்பதைக் கொடுத்தால் மிச்சம் இரண்டு ரூபாய் எந்தக் கண்டக்டரிடமும் இல்லை, அதுவும் கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று நம்மை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தாலும், இறங்கும் இடத்தை ஒருமுறை சொல்லிவைத்தால் மறக்காமல் இறக்கிவிடுகிறார்கள். ஓட்டோ என்றால் செயலியில் விலையைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கழிவறைதான் கஷ்டம். பஸ் நிலையத்தில் சில்லறை வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், ஆனால் கதவில் தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இல்லை. தலதா வீதியில் உள்ள பெரிய கடைத்தொகுதிக்குள் போய்விட்டு வருவது உத்தமம். தமிழ்ப் பலகைகள் முன்பைவிட அதிகம், எழுத்துப்பிழைகளும் அதிகம். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தது, தமிழுக்குக் காத்திருந்தால் ரயில் போய்விடும்.

பாராட்ட வேண்டிய ஒன்று, 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ். சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டு ஐயா படியில் விழுந்தபோது அழைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது, சதம் வாங்கவில்லை. இந்திய உதவியோடு 2016இல் தொடங்கிய சேவை அது. எண்ணைப் போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சைவக் கடையும் சோற்றுப் பார்சலும் போதும். நாங்கள் போனபோது 500 ரூபாய்க்குள் ஒரு ஆள் வயிறு நிறைந்தது, பருப்பு கேட்டால் இன்னொரு அகப்பை போடுவார்கள்.

"இலவசம்" என்று பெரிதாக எழுதிவைத்த இடங்களில்தான் எச்சரிக்கை வேண்டும். மாத்தளை வீதி நெடுகிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். சுற்றிக் காட்டுவது இலவசம், மூலிகைத் தேநீர் இலவசம், தோளில் தைலம் தேய்த்துவிடுவதும் இலவசம். கடைசியில் உங்களை உட்கார வைக்கும் அறையில், சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எண்ணெய் பல ஆயிரம். கூட்டிவந்த ஓட்டோக்காரருக்கும் அதில் பங்கு. ஏலம், கறுவா வேண்டுமென்றால் கண்டி மத்திய சந்தையில் நாலு கடை ஏறி இறங்குங்கள்.

ஒருநாள் ஹட்டனுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, முன்பதிவு இல்லாத பெட்டி, சில நூறு ரூபாய்தான். முன்பதிவு இருக்கைகளைத் தரகர்கள் வாங்கிவைத்துப் பல மடங்குக்கு விற்கிறார்கள், அந்த வலைக்குள் போகாதீர்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் கதவோரம் இடம் கிடைத்தது. ஹட்டனில் இறங்கித் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினால், பத்தனைக்குப் பக்கத்தில் டெவன் அருவியும் அடுத்து செயின்ட் கிளேயரும் தெருவில் இருந்தே தெரியும். செயின்ட் கிளேயரில் தண்ணீர் மெலிந்துவிட்டது, மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபிறகு அப்படித்தான். தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிளேன்டீயோடு பார்த்தோம்.

ஆகஸ்ட் தோதுப்படாதவர்கள் மே மாதத்தில் புத்தரின் பண்டிகையான வெசாக்குக்குப் போகலாம். வெசாக் கூடு என்ற விளக்குகளையும் தோரணங்களையும் பார்க்கக் காசில்லை, தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல்களில் சோறு, அவித்த மரவள்ளி, ஐஸ்கிரீம் என்று வரிசையில் நின்றால் யாருக்கும் கொடுப்பார்கள். கடவுச்சீட்டு கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த வாரம் கொழும்பில் இருந்து வரும் பஸ்களில் நெரிசல் தாங்காது. ஏசி பஸ்ஸில் பெரிய பெட்டியோடு ஏறினால் பெட்டிக்கும் ஒரு சீட் காசு கேட்பார்கள். ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடுகண்ணாவை மலைப்பாதையை ஏற வேண்டிவரும்.