கிரிப்டோ பொறிவண்டு: காசு கொடுத்து வாங்கி, நானே தேய்த்துக் கொன்ற கதை

போன வாரம் வீட்டுக்கு வந்த சிநேகிதி மாடியில் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, "உங்க செடில மட்டும் எப்படிக்கா மாவுப்பூச்சியே இல்ல, நானும் அந்த வண்டு வாங்கட்டுமா?" என்றாள். சட்டென்று பதில் வரவில்லை.

மூன்று வருஷம் முன்னால் கூரியரில் ஒரு டப்பா, உள்ளே 50 கிரிப்டோ வண்டு (முழுப்பெயர் கிரிப்டோலேமஸ்), செடிச் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சியைத் தின்பதற்கு. மிளகு அளவு, உடம்பு கறுப்பு, தலையும் பின்முனையும் ஆரஞ்சு. 1898-ல் காபித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த இனம்; வந்த வேலையை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலமாகத் திறந்துவிட்டேன். மறுநாளே பாதியைக் காணோம், சரி, பறந்துவிட்டது என்று விட்டேன். ஆனால் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மாவுப்பூச்சி குறையவில்லை, முன்பைவிடப் பெரிசு பெரிசாக, பஞ்சு பிரிந்தது மாதிரி கணுவுக்குக் கணு உட்கார்ந்திருக்கிறது. வந்த ஆத்திரத்தில் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கடைசியாக ஒன்று பிரஷ் பட்டதும் விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி இப்படி ஓடாதே!

ஓடினது வண்டின் புழு. நான் தேய்த்துத் தள்ளியதில் முக்கால்வாசி அதுதான்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தேன் மாதிரி வடிகிற கழிவுக்காக மாவுப்பூச்சியை எறும்பு காவல் காக்கும். அதன் கண்ணில் மண்ணைத் தூவத்தான் புழுவுக்கு இந்த வெள்ளை மெழுகு வேஷம். எறும்புக்குப் போட்ட வேஷத்தில் ஏமாந்தது நான். இப்போது அடையாளம் தெரியும்: புழு ஒரு சென்டிமீட்டர் தாண்டி வளரும், மெழுகு இழை நீளமாக, தலை வாராத மாதிரி கலைந்திருக்கும். வண்டுக்கு அந்த வேஷம் இல்லை, எறும்பு விரட்டிவிடுகிறது. அதனால் ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன், பாட்டி பலகார அலமாரிக்கு வைத்த மாதிரி. தப்பித்த புழுக்களே மிச்சத்தை முடித்தன, ஒன்றரை மாதத்தில் செம்பருத்தி சுத்தம். வேலையில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

ஆனால் எனக்கு நிஜமான சந்தோஷம் கொடுத்தது வாங்காத வண்டு. வேப்பெண்ணெய் அடிப்பதை நிறுத்தி இரண்டு மாதம் இருக்கும், அவரைக்கொடியில் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிக் கிடந்த இடத்துக்குத் தானாக வந்தது, ஆரஞ்சு உடம்பில் கறுப்பு நெளிகோடு போட்ட நம்ம ஊர்ப் பொறிவண்டு. கையில் எடுத்தால் காலிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விடும், வாடை விரலில் ஒட்டிக்கொள்ளும். அதன் புழுவும் கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி, வேஷமெல்லாம் கிடையாது. (கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளிவண்டும் இதே குடும்பம்தான். பளபளப்பு இல்லாமல் மேலே பூனைமயிர் இருந்தால் அது, இரக்கமே வேண்டாம்.)

அதனால் அவளிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். மருந்தை நிறுத்து, எறும்பை நிறுத்து, வருவது வரும். என் செடி சுத்தமானது வாங்கின வண்டால்தானே என்று கேட்டாள். ஆமாம், இருந்தாலும் வாங்காதே.

நேற்று கொய்யாத் தளிரின் அடியில் வெள்ளையாக ஒன்று. பிரஷ் நுனியால் தொட்டேன், நகரவில்லை. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.