"போட்டுப் பழகுங்க" என்று அனுப்பிவிடுவார்கள்: புரோகிரெசிவ் கண்ணாடி வாங்குவோர் கவனத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதைக் கவனமாகப் படியுங்கள். கோயில் மண்டபத்திலும் டேவானிலும் (பொது மண்டபம்) மேசை போட்டு, 'இலவசக் கண் பரிசோதனை' என்று அழைத்து, அங்கேயே தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரெசிவ் கண்ணாடிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இலவசம் பரிசோதனைக்கு மட்டும்தான்.

முன்னாள் கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் அப்படி 1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கண்ணாடி வாங்கினார். தூரம் நன்றாகத் தெரிகிறது. பேப்பர் படிக்க மட்டும் தாடையை மேலே தூக்கி, பிரேமை விரலால் நெம்பிப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு முறை கேட்டபோதும் ஒரே பதில்: "போட்டுப் பழகுங்க ஐயா, சரியாயிடும்." இந்தக் கண்ணாடி எத்தனை மாதம் போட்டாலும் சரியாகாது.

காரணத்தை ஸ்கேல் வைத்தே காட்டலாம். புரோகிரெசிவ் லென்ஸில் மேல் பகுதி தூரத்துக்கு. அங்கிருந்து பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அடியில் படிக்கும் பவர் முழுதாக வரும். கண்மணிக்கு நேராக நிற்க வேண்டிய இடத்தில் லென்ஸ் கம்பெனி மையால் ஒரு சிலுவைக் குறி போட்டு அனுப்பும். அந்தக் குறிக்குக் கீழே பிரேமின் அடிவரை குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். இவருக்குப் போட்ட லென்ஸுக்கு 18 வேண்டும். பிரேமின் மொத்த உயரமே 26. குறிக்குக் கீழே கிடைத்தது 14. படிக்கும் பகுதியின் பெரும்பகுதியைக் கடையில் லென்ஸை வெட்டும்போதே வெட்டி எறிந்துவிட்டார்கள். இல்லாத பவருக்கு எந்தக் கண்ணும் பழகாது.

பழகக்கூடிய தொல்லை வேறு. ஓரங்கள் மங்குவதும், தலையைத் திருப்பினால் தரை அலைவதும், படி இறங்கும்போது கால் தடுமாறுவதும் எந்தப் புரோகிரெசிவிலும் முதலில் இருக்கும். பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் பார்க்கக் கண்ணை மட்டும் உருட்டாமல் மூக்கைத் திருப்ப வேண்டும்; படி இறங்கும்போது தலையைக் குனிந்து லென்ஸின் மேல் பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். பழகும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

அளவு தவறியிருந்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். பிரேமைத் தூக்கினால் எழுத்து தெளிகிறதா? குறி தாழ்ந்திருக்கிறது. மூக்கில் சற்று இறக்கினால்தான் தூரத்துப் பலகை தெரிகிறதா? குறி உயர்ந்திருக்கிறது. புத்தகத்தை ஒரு பக்கமாக நகர்த்தினால்தான் வரி முழுதாகத் தெரிகிறது என்றால், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் தவறு. இதையும் ஒரே எண்ணாக எடுக்கக் கூடாது. மூக்கின் நடுவிலிருந்து வலது கண்ணுக்குத் தனியாக, இடது கண்ணுக்குத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லாத முகங்கள் நிறைய.

முறையான கடையில் நடப்பது இதுதான். முதலில் பிரேமை உங்கள் மூக்குக்கும் காதுக்கும் வளைத்துப் பொருத்துவார்கள். பிறகு உங்களுக்கு நேரெதிரே, கண் மட்டத்தில் உட்கார்ந்து, பிரேமில் இருக்கும் மாதிரி லென்ஸின் மேல் பேனாவால் கண்மணிக்குப் புள்ளி வைப்பார்கள். பேனாவையோ அளவெடுக்கும் கருவியையோ எடுக்காமல், கணினி காட்டிய பவரை மட்டும் எழுதிக்கொண்டு பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவரும் மாறும். சர்க்கரை அடங்கிய பிறகு சோதியுங்கள்.

கண்ணாடி வந்ததும் லென்ஸிலுள்ள மைக்குறியை அழிக்காமல் காட்டச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டு நேரே பாருங்கள். சிலுவை கண்மணியில் நிற்க வேண்டும். மை அழிந்திருந்தாலும் கடைக்காரர் தப்ப முடியாது. லென்ஸில் வாயால் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு செதுக்குக் குறிகள் தெரியும். காதுப் பக்கத்துக் குறியின் கீழ் உள்ள எண், படிப்பதற்காகத் தூரப் பவரோடு கூட்டிய பவர். 20 அல்லது 2.00 என்றிருந்தால் கூட்டல் 2.00. பவர் சீட்டோடு ஒப்பிடுங்கள். மூக்குப் பக்கத்தில் கம்பெனியின் அடையாளம் இருக்கும். விலை உயர்ந்த பிராண்டு என்று விற்ற லென்ஸில் இவை எதுவும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

"பழகுங்க" என்று இழுத்தடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பல லென்ஸ் கம்பெனிகள் பழக முடியாதவர்களுக்கு மாற்றுத் தருகின்றன, ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டும். அந்தக் காலம் எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்தில் தெளியவில்லையென்றால் திரும்பப் போங்கள். கடைக்காரர் முகம் கோணுவாரே என்று தயங்க வேண்டாம்.

1991 ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டப்படி கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பவர் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். மண்டபத்தில் மேசை போட்டவரிடமும் சான்றிதழைக் கேளுங்கள். சொன்ன பொருளைத் தராமல், மாற்றவும் மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம்; வக்கீல் வேண்டாம். ரசீது, பவர் சீட்டு, லென்ஸ் வந்த உறை மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். லென்ஸ் உறையைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன லென்ஸ் என்பது அதில்தான் அச்சாகியிருக்கும்.